முக்திநாத்துக்குப் போகும் உப்புப் பாதை

ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் மண்ணுலகில் இருப்பவை 106. அவற்றுள் இந்திய எல்லைக்கு அப்பால் இருப்பது ஒன்றுதான்: சாளக்கிராமம். நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,750 மீட்டர் உயரத்திலுள்ள முக்திநாத் கோயிலையே வைணவர்களில் பெரும்பாலோர் அந்தத் தலமாகக் கொள்கிறார்கள். இன்னும் மேலே, பனிக்கு நடுவில் இருக்கும் தாமோதர குண்டத்தைச் சொல்வோரும் உண்டு. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் இந்தத் தலத்துக்குக் கொடுத்திருக்கிறார். பெரியாழ்வாரும் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார்.

திருமங்கையாழ்வார் காட்டும் சாளக்கிராமம் நீர்நிலைகள் சூழ்ந்த அழகிய இடம். இன்று முக்திநாத் போகும் வழியிலுள்ள ஜோம்சோமில் வந்து இறங்குகிறவர் காண்பதோ மஞ்சளும் சாம்பலும் கலந்த மொட்டை மலைகள், கூழாங்கல் நிரம்பிய அகன்ற ஆற்றுப்படுகை, கண்ணில் மணலை வாரியிறைக்கும் காற்று. ஆழ்வார் நேரில் வந்தாரா, கேட்டறிந்து பாடினாரா என்று விவாதிப்பவர்கள் இந்த முரணைத்தான் முதலில் எடுப்பார்கள். ஆனால் முக்திநாத் கோயில் மதிலுக்குள் நுழைந்தவுடன் காட்சி மாறிவிடுகிறது. மலையடியில் ஊற்றெடுக்கும் தண்ணீர், அதை நம்பி வளர்ந்த பாப்லர் மரத்தோப்பு, வருடம் முழுவதும் ஓயாத நீரோசை. சுற்றிலும் வறண்ட நிலம் இருக்க, ஓரிடத்தில் மட்டும் நீர் பொங்குகிறது. அந்த இடம் தலமாகாமல் இருந்தால்தான் வியப்பு.

அவர் வந்தாரா என்பதைவிட நம் கவனத்துக்கு உரிய கேள்வி வேறொன்று. ரயிலும் தபாலும் இல்லாத காலத்தில், காவிரிக் கரையில் பாடியவர்களுக்கு இமயத்தின் வடபுறத்து ஊரொன்று எப்படித் தெரிந்தது? பெயரைக் கொண்டுவந்தவர்கள் நடந்தவர்கள். அவர்கள் நடந்த பாதையைப் பக்தி மட்டும் போடவில்லை. காளி கண்டகி ஆற்றை ஒட்டிய அந்த வழியில் உப்பும் தானியமும் போய்வந்தன. அவற்றைச் சுமந்தவர்களும் கழுதைகளும் தங்கிய ஊர்களில்தான் யாத்ரீகர்களும் தங்கினார்கள். கோயிலைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நடுவழியில் இருந்து அந்தக் கோயிலை எட்டக்கூடியதாக வைத்திருந்த ஊர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு.

தென்னாட்டுக்கும் நேபாளத்துக்கும் உள்ள தொடர்புக்கு வாழும் சான்று காத்மாண்டுவிலேயே இருக்கிறது. பாக்மதிக் கரையில் உள்ள பசுபதிநாதர் கோயிலின் கருவறையில் பூசை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள். 2009இல் அந்த இடத்தில் நேபாளிகளை நியமிக்க அன்றைய அரசு முயன்றபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. கோயிலுக்குப் பக்கத்திலேயே ஆரிய காட் என்ற படித்துறையில் சிதைகள் எரிய, எதிர்க்கரைப் படிகளில் உறவினர்கள் அமர்ந்திருப்பார்கள். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் எத்தனையோ கோயில்களைத் தரைமட்டமாக்கியது. பசுபதிநாதரின் மூலக்கோயில் நின்றது. முக்திநாத் போகிறவர்களில் பலர் இங்கே கும்பிட்டுவிட்டுத்தான் மேற்கே பொக்காராவுக்குக் கிளம்புகிறார்கள்.

பொக்காரா ஏறத்தாழ 820 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரி, பச்சை வயல், புழுக்கம். அதற்கு மேற்கே சிறிது தூரத்தில் இருக்கும் லும்லே நேபாளத்திலேயே அதிகம் மழை பெய்யும் இடம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல். அன்னபூர்ணா மலைத்தொடரைத் தாண்டி ஜோம்சோமுக்குப் போனால் ஆண்டு முழுவதும் பெய்வது 300 மில்லிமீட்டர் அளவுதான். பறவை பறக்கும் தூரத்தில் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். பருவமழை மேகத்தை மலை தடுத்துவிடுகிறது. ஆற்றை மட்டும் அதனால் தடுக்க முடியவில்லை. இமயம் உயர்வதற்கு முன்பே காளி கண்டகி ஓடிக்கொண்டிருந்தது என்றும், மலை எழ எழ ஆறு அதை அறுத்துக்கொண்டே வந்தது என்றும் நிலவியலாளர்கள் விளக்குகிறார்கள். ஒரு பக்கம் 8,167 மீட்டர் தவளகிரி, மறுபக்கம் 8,091 மீட்டர் முதலாம் அன்னபூர்ணா. இரண்டு சிகரங்களுக்கும் இடைவெளி 35 கிலோமீட்டர் இருக்கும். நடுவில் ஆறு சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் போகிறது. சிகரத்திலிருந்து ஆற்றுக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் ஆழம்.

இந்த இடுக்குதான் காற்றுக்கும் வழி. காலையில் அமைதியாக இருக்கும். வெயில் ஏற ஏறத் திபெத்தியப் பீடபூமியின் ஓரம் சூடாகி, அங்கே காற்று மேலெழும்ப, கீழேயிருந்து குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கு வழியாக மேல்நோக்கி இழுக்கப்படும். பத்து, பதினொரு மணிக்குத் தொடங்கினால் மாலை வரை ஓயாது. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானங்கள் காலையில் மட்டும் பறப்பதற்கு இதுவே காரணம். பயணம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் இரண்டு எண்ணாயிரம் மீட்டர் மலைகளுக்கு நடுவே புகுந்து போக வேண்டும். 2022 மே 29 அன்று இந்தத் தடத்தில் கிளம்பிய விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 22 பேரும் இறந்தார்கள்.

மேல்முஸ்தாங்கின் கற்களிலும் இதே ஆற்றின் கதைதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் பூஜை அறையில், சிறிய பெட்டியில், பட்டுத்துணிக்கு மேல் ஒரு கறுப்புக் கல் இருக்கும். தினமும் திருமஞ்சனம், ஒரு துளசி இலை, கொஞ்சம் பால். பிராணப் பிரதிஷ்டை வேண்டாத திருமேனி அது. பெருமாள் தானாகவே உறையும் கல். அப்பாவிடமிருந்து மகனுக்கு என்று கைமாறி வருவதால், எப்போது, யார் கண்டகியிலிருந்து கொண்டுவந்தார்கள் என்பது பெரும்பாலும் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாற்றில் பள்ளிகொண்ட ஆதிகேசவப் பெருமாளின் திருமேனி 16,008 சாளக்கிராமங்களைக் கொண்டு கடுசர்க்கரை யோகத்தில் அமைந்தது என்று தலமரபு சொல்கிறது. எண்ணிக்கையை யார் சரிபார்த்தார்கள் என்பதல்ல இங்கே முக்கியம். இமயத்து ஆற்றுக்கல் தென்முனையிலுள்ள மூலவரின் உடலாக முடியும் என்று நம்பும் அளவுக்கு அந்தக் கற்களின் போக்குவரத்து நடந்திருக்கிறது.

கல்லுக்குள் இருக்கும் சக்கரம் அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு. கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய முஸ்தாங் இருக்கும் இடத்தில் டெதிஸ் என்ற கடல் இருந்தது. அதன் அடிச்சேற்றில் புதைந்த ஓடுகளைச் சுற்றித் தாதுக்கள் இறுகிக் கறுப்பு உருண்டைகளாயின. பிறகு இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்ட, கடல் மூடி, அதன் தரை மலையாக எழுந்தது. இப்போது ஆறு அந்தக் கறுப்புப் பாறையை அரித்து உருண்டைகளைக் கீழே தள்ளிக்கொண்டு வருகிறது. காக்பேனிக்குக் கீழே ஆற்றுப்படுகையில் யாத்ரீகர்கள் குனிந்தபடியே நடப்பதைப் பார்க்கலாம். கைக்கு அடக்கமான ஓர் உருண்டையை எடுத்து ஒரு துளையில் விரலை வைத்தால், உள்ளே சீப்புப் பல் போன்ற வரிகள் சுற்றிச் சுற்றி மையத்தை நோக்கிப் போவது தட்டுப்படும். இரண்டு சக்கரமா, ஒன்றா, எந்தப் பக்கம் வாய் என்று பார்த்து, லட்சுமி நரசிம்மர், தாமோதரர் என்று பெயர் சொல்லும் சாத்திரம் தனியே இருக்கிறது. புதைபடிவம் என்று அறிவதால் பூசிப்பவருக்கு எதுவும் குறைந்துபோவதில்லை. கடல் மலையான கதையைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்தப் பெட்டியைத் திறப்பவரின் வியப்பு கூடத்தான் செய்யும்.

கற்களைக் கீழே கொண்டுவந்த வழியில்தான் உப்பும் வந்தது. திபெத்தின் உவர் ஏரிகளிலிருந்து உப்பு, கம்பளி. கீழ்நாட்டிலிருந்து அரிசியும் பிற தானியமும். திபெத்தில் நெல் விளையாது. நேபாள மலைகளில் உப்பு கிடையாது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நம்பித்தான் ஆக வேண்டும். இமயத்தை வேறு பல இடங்களில் கடக்க 5,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்க, காளி கண்டகி வழியின் உச்சியான கொரலா கணவாய் 4,660 மீட்டர்தான். அதனால் வணிகம் இங்கே குவிந்தது. நடுவில் உட்கார்ந்து அதை நடத்தியவர்கள் தகாலி மக்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நேபாள அரசு உப்பு வரி வசூலையும் வணிக உரிமையையும் குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்த தகாலிப் பெரியவர்கள் சுப்பா என்ற பட்டத்தோடு துக்குசே என்ற ஊரில் இருந்து ஆண்டார்கள். மேலேயிருந்து வருகிறவன் உப்பை அங்கே இறக்கிவிட்டுத் தானியம் ஏற்ற வேண்டும். கீழேயிருந்து வருகிறவன் அதற்கு மேல் போக வேண்டாம். 1928இல் அந்தத் தனியுரிமை முடிந்தது. துக்குசேயின் பெரிய முற்றங்களும் மரச்சித்திர வேலைப்பாடுள்ள ஜன்னல்களும் அந்தக் காலத்துச் செல்வம்.

1959க்குப் பிறகு திபெத் எல்லை நெருக்கடிக்கு உள்ளானது. 1960 முதல் 1974 வரை முஸ்தாங், சீனாவை எதிர்த்த திபெத்தியக் கம்பா கெரில்லாக்களின் தளமாக இருந்தது. இந்தியாவிலிருந்து மலிவான உப்பு மலைக்கு ஏறியது. துக்குசே காலியாகத் தொடங்க, தகாலிக் குடும்பங்கள் பொக்காராவுக்கும் சமவெளி நகரங்களுக்கும் இறங்கின. ஆனால் வழிப்போக்கருக்குச் சோறு போடும் தொழிலை அவர்கள் விடவில்லை. பருப்பு, சோறு, கீரை, ஊறுகாய், ஒரு கரண்டி நெய் என்று பித்தளைத் தட்டில் பரிமாறப்படும் தகாலிச் சாப்பாடு இன்று நேபாளம் முழுக்கப் பெயர் பெற்றது. உப்பு வணிகர்களின் சமையலறை ஒரு நாட்டின் ஓட்டல் உணவாகிவிட்டது.

துக்குசேக்கு மேலே மார்பா. இந்தப் பாதையில் ஓர் இரவாவது தங்க வேண்டிய ஊர் எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்லலாம். சுண்ணாம்பு அடித்த கல்வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. தட்டையான மண்கூரைகளின் விளிம்பில் விறகு அடுக்கியிருக்கும். தெருவில் பாவிய பலகைக்கல்லுக்கு அடியில் வாய்க்கால் ஓடுகிறது. நடக்கிறவர் காலடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும், தண்ணீர் தெரியாது. மத்தியானக் காற்று ஆற்றங்கரையில் ஆளைத் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தக் குறுகிய சந்துகளில் விளக்குச் சுடர்கூட நிற்கும். கட்டடக் கலைஞர் என்று யாரும் இல்லாமல், காற்றை அறிந்தவர்கள் கட்டிய ஊர் இது.

மார்பா ஆப்பிளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1966இல் இங்கே அரசுத் தோட்டக்கலைப் பண்ணை தொடங்கியது. அதை உருவாக்கிய பாசாங் கம்பாச்சே ஷெர்பா, அதற்குப் பத்தாண்டு முன்பு பிரிட்டிஷ் திபெத்தியல் அறிஞர் டேவிட் ஸ்னெல்க்ரோவுடன் மேற்கு நேபாள மடாலயங்கள் வழியே நடந்தவர். உப்பு வணிகம் செத்துக்கொண்டிருந்த காலத்தில் ஆப்பிள், பாதாமி, காய்கறி என்று வேறொரு வாழ்வுக்கு வழி காட்டினார். இன்று பாதையோரக் கடைகளில் உலர்ந்த ஆப்பிள் வில்லைகளும் ஆப்பிள் பிராந்தியும் விற்கின்றன.

இதே மார்பாவில் 1900இல் சுமார் மூன்று மாதம் தங்கியிருந்தவர் கவாகுச்சி ஏகாய் என்ற ஜப்பானிய பௌத்தத் துறவி. அந்நியருக்குக் கதவடைத்திருந்த திபெத்துக்குள் மாறுவேடத்தில் நுழைந்து, மூல பௌத்த நூல்களைத் தேடுவது அவர் நோக்கம். முன்னதாக முஸ்தாங்கின் சராங்கில் மாதக்கணக்கில் தங்கித் திபெத்திய மொழியும் சாத்திரமும் படித்தார். காவலர் உள்ள வழிகளை விட்டு, தோல்போ வழியாக 1900 ஜூலையில் எல்லை கடந்தார். அவர் தங்கிய மார்பா வீடு இப்போது சிறு அருங்காட்சியகம். அவருடைய பயண நூலின் ஆங்கிலப் பதிப்பு ‘திபெத்தில் மூன்று ஆண்டுகள்’ என்ற தலைப்பில் 1909இல் வெளிவந்தது. வெளியிட்ட இடம் சென்னை அடையாறு, தியாசபிகல் சங்கத்தின் அச்சகம். முஸ்தாங்கைப் பற்றிய தொடக்கக்கால நேரடிப் பதிவுகளில் ஒன்று அடையாற்றங்கரையில் அச்சேறியது என்பது சென்னை வாசகர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

ஜோம்சோம் மாவட்டத் தலைநகரம். விமானத்தளம், படைமுகாம், ஓட்டல்கள். அதைக் கடந்து காக்பேனி வந்தால் பாதை இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போனால் 1992இல்தான் வெளிநாட்டவருக்குத் திறந்துவிடப்பட்ட மேல்முஸ்தாங்கும் மதில் சூழ்ந்த லோ மந்தாங்கும். கிழக்கே ஏறினால் முக்திநாத். காளி கண்டகியும் முக்திநாத் பக்கமிருந்து இறங்கும் ஓடையும் கூடும் இடத்தில், 2,800 மீட்டர் உயரத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. ஆற்றங்கரையில் இந்துக்கள் முன்னோருக்குப் பிண்டம் வைத்துச் சிராத்தம் செய்கிறார்கள். கரைக்கு மேலே 1429இல் நிறுவப்பட்ட பௌத்த மடாலயம், செம்மண் பூசிய சுவரோடு. ஊருக்குள் நுழையும் வாயில்களில் களிமண்ணும் கல்லும் கொண்டு செய்த ஆண், பெண் காவல் உருவங்கள். பௌத்தத்துக்கும் முந்திய நம்பிக்கையின் மிச்சம். பழைய கோட்டைச் சுவர் ஒன்று, வரி வாங்கிய காலத்தை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது. இத்தனையும் கால் மணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய சந்துகளுக்குள்.

முக்திநாத்தில் விஷ்ணுவின் கோயில் சிறியது, பகோடா வடிவம். அதன் பின்னால் அரைவட்டச் சுவரில் 108 பித்தளைக் காளைமுகங்கள். ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் ஊற்றுநீர் கொட்டுகிறது. யாத்ரீகர் ஒருவர்பின் ஒருவராக அத்தனை தாரைகளிலும் தலையைக் கொடுத்து ஓடி, பிறகு கோயிலின் முன்னுள்ள இரண்டு குளங்களிலும் முங்கி எழுகிறார்கள். திபெத்திய பௌத்தர்களுக்கும் இது புனித நீர்; சுமிக் கியாட்சா என்பது அவர்கள் வழங்கும் பெயர். குரு பத்மசம்பவர் திபெத்துக்குப் போகும் வழியில் இங்கே தியானித்தார் என்பது அவர்கள் மரபு. கருவறையில் உள்ள திருமேனி ஒருவருக்கு விஷ்ணு, மற்றவருக்கு அவலோகிதேசுவரர். கோயிலைப் பராமரித்து விளக்கேற்றுவதில் அருகூர்களைச் சேர்ந்த பௌத்தப் பெண் துறவிகளுக்குப் பரம்பரைப் பங்கு உண்டு; இந்துப் பூசாரியும் இருக்கிறார். 2009இல் ஆண்டாள், இராமாநுசர், மணவாள மாமுனிகள் திருமேனிகளும் இங்கே எழுந்தருளின. இரு சமயத்தவரும் ஒரே தாரையில் நனைவதற்கு யாரும் ஒப்பந்தம் எழுதவில்லை. நெடுங்காலப் பழக்கம் அதைச் சாதித்திருக்கிறது.

கொஞ்சம் தள்ளி இருக்கும் ஜ்வாலாமாயி சன்னதியைப் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. பௌத்த மடாலயத்துக்குள், பீடத்துக்குக் கீழே கம்பிவலை போட்ட சிறு பொந்து. மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்தினால்தான் தெரியும். கண் இருட்டுக்குப் பழகிய பிறகு விரல் நுனி அளவில் ஒரு நீலச்சுடர். பக்கத்திலேயே தண்ணீர் சலசலக்கிறது. பூமிக்கடியிலிருந்து கசியும் இயற்கை எரிவாயு அது. நெருப்பும் நீரும் ஒரே பாறையிலிருந்து வருவதுதான் இரண்டு சமயத்தவரையும் இங்கே இழுத்தது.

இந்தத் தலத்துக்கு வண்டி போகத் தொடங்கியது அண்மையில்தான். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் பேனியிலிருந்து ஜோம்சோம் வரை சாலை படிப்படியாக வெட்டப்பட்டு, முக்திநாத் அடிவாரமான ராணிபவுவா வரை ஜீப்பும் பேருந்தும் வந்தன. முழங்கால் வலியால் நினைத்தும் பார்க்க முடியாதிருந்த லட்சக்கணக்கான முதியவர்களுக்கு அது பெரும் வரம். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நடைப்பயணத்தில் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்த ஏற்றத்தை ஜீப் ஒரே நாளில் முடிக்கிறது. ஹெலிகாப்டர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. 800 மீட்டரிலிருந்து 3,700 மீட்டருக்கு. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், மூச்சுத் திணறல் வந்தால் அதைக் களைப்பு என்றோ விரதத்தின் விளைவு என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். நேபாள மருத்துவர் புத்த பஸ்ன்யாத் குழுவினர் கோசாயிகுண்டம் என்ற 4,300 மீட்டர் உயரப் புனித ஏரிக்கு ஏறிய யாத்ரீகர்களை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட முடிவில், சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மலை உயர நோய் இருந்தது. மலையேறப் பயிற்சி பெற்று வருகிற வெளிநாட்டவரைவிட, பக்தியோடு வேகமாக ஏறும் யாத்ரீகருக்கே ஆபத்து அதிகம் என்று அந்த மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்து வருகிறார்கள்.

வானிலையும் பழைய கணக்குக்குள் நிற்கவில்லை. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுத்ஹுத் புயலின் ஈரம் இரண்டு நாளில் அன்னபூர்ணாவைத் தொட்டது. முக்திநாத்துக்கு மேலே 5,416 மீட்டர் தோரோங் கணவாயிலும் சுற்றுப்பகுதியிலும் பனிப்புயலிலும் பனிச்சரிவிலும் 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வங்காள விரிகுடாவில் எழுந்த புயல் முக்திநாத் மலையில் உயிர் குடித்தது. 2023 ஆகஸ்டில், மழையே அரிதான காக்பேனியில் பெருமழை பெய்து, ஓடை சேறும் பாறையுமாகப் பெருக்கெடுத்து வீடுகளையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது. தட்டையான மண்கூரை வறட்சிக்கு என்று போட்டது. இப்போது அது ஒழுகுகிறது. பல வீடுகளில் தகரம் ஏறிவிட்டது.

சாலையில் விரையும் வண்டிகள் துக்குசேயிலும் மார்பாவிலும் நிற்பதில்லை. அதனால் அந்த ஊர்களுக்கு வருமானம் இல்லை. வண்டியில் இருப்பவரின் உடம்புக்கும் அவகாசம் இல்லை. இரண்டுக்கும் ஒரே பரிகாரம்தான் இருக்கிறது. பொக்காராவிலிருந்து கிளம்பி முதல் இரவு 1,200 மீட்டரில் வெந்நீர் ஊற்று உள்ள தாதோபானியிலும், இரண்டாம் இரவு 2,670 மீட்டரில் மார்பாவிலும், மூன்றாம் இரவு காக்பேனியிலும் தங்கினால், நான்காம் நாள் விடிகாலையில் முக்திநாத் ஏறலாம். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மருத்துவ விதி. ஆகவே தரிசனம் முடிந்த கையோடு மாலைக்குள் இறங்கிக் காக்பேனியிலேயே படுப்பது நல்லது. வயதானவர்கள் 108 தாரையிலும் ஓட வேண்டியதில்லை. தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குழு அழைத்துவரும் யாத்திரை ஏற்பாட்டாளர்கள் இந்த இரண்டு நாள் கூடுதல் செலவைக் கட்டணத்தில் சேர்த்தே விளம்பரம் செய்ய வேண்டும். மூன்று நாளில் முடித்துத் தருகிறோம் என்பவர்களிடம், மார்பாவிலும் காக்பேனியிலும் தங்கல் உண்டா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.